பிராஸ்டேட் திரும்ப வளர்வது ஏன்? அதில் ஸ்டெம் செல் எங்கே இருக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் அப்பச்சிக்கு 71 வயது. ஐந்து வருஷத்துக்கு முன்பு மூத்திர அடைப்புக்காக டி.யூ.ஆர்.பி. செய்து பிராஸ்டேட்டைச் சீவி எடுத்தார்கள், நன்றாக இருந்தார். இப்போது மறுபடி அடைத்து டியூப் போட்டிருக்கிறார்கள், ரத்தத்தில் பார்க்கிற பி.எஸ்.ஏ. என்ற பிராஸ்டேட் புரதத்தின் அளவு கொஞ்சம் ஏறியிருந்ததால் பயாப்சியும் எடுத்தார்கள். புற்று இல்லை, சாதாரண வீக்கம்தான், 'அடிச் செல் அடுக்கு குலையவில்லை, பி63 பாசிட்டிவ்' என்று அறிக்கை வந்திருக்கிறது. அந்த 'பாசிட்டிவ்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறீர்கள். இதற்கு நடுவில் காரைக்குடியில் ஒருவர், ஸ்டெம் செல் (மற்ற செல்களைப் பெற்றெடுக்கிற மூலச் செல்) கெட்டுப்போனதால்தான் சுரப்பி வளர்கிறது, புது ஸ்டெம் செல் ஊசி போட்டால் சுருங்கிவிடும் என்று சொல்லி 3 லட்சம் கேட்கிறார். இதில் எவ்வளவு உண்மை, பிராஸ்டேட்டில் ஸ்டெம் செல் இருக்கிறதா, இருந்தால் எங்கே.

பணம் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாக எழுத முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை வகை மாற்றுச் சிகிச்சை மட்டும்தான் நிலைபெற்ற சிகிச்சை. மற்ற எதுவானாலும் அது பரிசோதனை, அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும், அதில் சேருகிற நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே 3 லட்சம் என்று விலை சொன்ன இடத்திலேயே அது ஆய்வும் இல்லை, சிகிச்சையும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது. அப்பச்சியின் பிராஸ்டேட்டுக்கு வளர்கிற திறன் குறையவே இல்லை. அது திரும்ப வளர்ந்ததே அதற்குச் சாட்சி. அப்படிப்பட்ட இடத்தில் இன்னும் வளர்கிற செல்லைக் கொண்டுபோய்ப் போட்டால் அது எப்படிச் சுருங்கும்?

சரி, அறிக்கைக்கு வருகிறேன். மதுரையில் திசு ஆய்வுக்கூடத்தில் 26 வருஷம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான், பள்ளத்தூர் பக்கம்தான் ஊர், அதனால் இதை நேரில் பார்த்த மாதிரியே சொல்ல முடியும். பிராஸ்டேட் என்பது மூத்திரப் பைக்குக் கீழே மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி, வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடை. அதை மெல்லிசாக அறுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நார்த் தசைக்கு நடுவே வளைந்து நெளிந்த சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையின் சுவரிலும் இரண்டு வரிசை செல்கள். உள்பக்கம், அறையின் வெளியைப் பார்த்தபடி, உயரமான செல்கள். இவைதான் வேலைக்காரர்கள், விந்துக்குப் போகிற நீரையும் பி.எஸ்.ஏ. என்கிற புரதத்தையும் சுரப்பவை. அதற்கு அடியில், சவ்வை ஒட்டித் தட்டையாகப் படுத்துக்கொண்டு இன்னொரு வரிசை. அவைதான் அடிச் செல்கள். சாதாரணச் சாயத்தில் இவை கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. பி63 என்ற புரதம் இவற்றின் உட்கருவில் மட்டும் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கிற சாயம் போட்டால் ஒவ்வொரு அறையைச் சுற்றியும் பழுப்புப் புள்ளிகள் கோலத்துக்கு வைத்த புள்ளி போல வரிசையாக எழும்பி நிற்கும். வயதானவர்களின் சுரப்பியில் அறைகளுக்குள்ளே இளஞ்சிவப்பாக உருண்டைகள் கிடக்கும், சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாக. சுரந்த நீர் உறைந்து கட்டியானது அது, அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

பிராஸ்டேட் புற்றில் நடப்பது என்ன தெரியுமா, அந்தப் பழுப்புப் புள்ளிகள் காணாமல் போய்விடும். அடி வரிசையே இல்லாமல் உள்வரிசைச் செல்கள் மட்டும் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டிக்கொண்டு பரவும். ஆகவே சந்தேகமான ஒரு இடம் தெரிந்தால் நாங்கள் பி63 போட்டுப் பார்ப்போம், புள்ளி இருந்தால் நிம்மதி. உங்கள் அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பது அந்த நிம்மதியைத்தான். எத்தனையோ குடும்பங்கள் இந்த ஒரு வார்த்தைக்காக இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கின்றன. அறிக்கையில் அதற்குப் பக்கத்திலேயே 'இது நல்ல அடையாளம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு எப்போதும் ஆதங்கம் உண்டு.

இந்த இரண்டு வரிசை போக மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. நரம்புச் செல்லும் ஹார்மோன் செல்லும் கலந்த மாதிரியான செல்கள், நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. இவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஸ்டெம் செல். இந்தச் சுரப்பியில் அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எலியிடமிருந்து வந்தது. விதையை எடுத்துவிட்டால் பிராஸ்டேட் சுருங்கும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் விலங்குகளில் கவனித்திருக்கிறார். 1941-இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் அதை மனிதருக்குக் கொண்டுவந்தார், பரவிப்போன பிராஸ்டேட் புற்றுக்கு ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புற்று அடங்குகிறது என்று காட்டினார், 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அப்புறம் வந்தவர்கள் எலியில் விடாமல் பார்த்தார்கள். விதையை எடுத்த இரண்டு மூன்று வாரத்தில் சுரப்பியின் பெரும்பகுதி கரைந்துவிடும். உள்வரிசைச் செல்கள் பத்தில் எட்டு ஒன்பது தாங்களாகவே மடிந்துபோகும், அடிச் செல்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிறகு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் இரண்டே வாரத்தில் சுரப்பி பழைய அளவுக்கு வந்து நிற்கிறது. மறுபடி நிறுத்து, சுருங்கும். மறுபடி கொடு, வளரும். இப்படிப் பல தடவை திரும்பத் திரும்பச் செய்தும் அது சளைக்கவில்லை.

நம் பக்கத்துக் கண்மாய்களில் சீமைக்கருவேலை வெட்டினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே வெட்டி விறகுக்கு ஏற்றிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வந்திருக்கும். எலியின் சுரப்பியைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அடியில் ஒரு கட்டை இருக்கிறது, அது ஹார்மோன் இல்லாமலும் உயிரோடிருக்கிறது, ஹார்மோன் வந்ததும் துளிர்க்கிறது. ஹார்மோன் போனபோது சாகாமல் நின்றவை அடிச் செல்கள். ஆகவே அவைதான் ஸ்டெம் செல், உள்வரிசை அவற்றின் பிள்ளைகள். 1980-களில் அமெரிக்காவில் ஜான் ஐசக்ஸும் டொனால்ட் காஃபியும் இதை ஒழுங்கான ஒரு வரைபடமாகவே போட்டுக் கொடுத்தார்கள். அடியில் ஸ்டெம் செல், அது கொஞ்சமாகப் பிரியும், நடுவில் வேகமாகப் பெருகுகிற இடைநிலைச் செல், மேலே முதிர்ந்த சுரப்புச் செல். கேட்கவே அழகாக இருக்கிறது, ஏணி மாதிரி. நான் படிக்கிற காலத்தில் இதைத்தான் படித்தேன்.

அந்த வரைபடத்துக்குத் துணையாகச் சான்றுகளும் வந்தன. 2000-இல் பி63 மரபணு இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்குப் பிராஸ்டேட்டே உருவாகவில்லை என்று தெரிந்தது. 2008-இல் ஒரு குழு சுண்டெலியின் பிராஸ்டேட்டிலிருந்து ஒரே ஒரு செல்லை, மேற்பரப்பில் இன்ன இன்ன அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி எடுத்து, கருவில் இருக்கிற எலியின் இணைப்புத் திசுவோடு கலந்து, இன்னொரு சுண்டெலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தது. சிறுநீரகத்துக்குள் ஒரு பிராஸ்டேட் முளைத்தது! அடிச் செல், உள்வரிசைச் செல், அந்த மூன்றாம் வகை, எல்லாமே அந்த ஒற்றைச் செல்லிலிருந்து வந்தன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

அடுத்த வருஷமே சிக்கல் ஆரம்பித்தது. 2009-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷென் ஆய்வுக்குழு, சுருங்கிப்போன சுரப்பியில் உள்வரிசையிலேயே அபூர்வமாகச் சில செல்கள் சாகாமல் நிற்பதைக் கண்டுபிடித்தது. ஹார்மோன் திரும்பி வந்தால் அவையும் இரண்டு வகைச் செல்லையும் பெற்றெடுக்கின்றன. பிடென் என்ற, புற்று வராமல் தடுக்கிற காவல் மரபணுவை அவற்றில் எடுத்துவிட்டால் அங்கிருந்தே புற்று கிளம்புகிறது. அதுவரை ஸ்டெம் செல்லைத் தேடிய இடம் அடிவரிசை, இங்கே அது உள்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறது. அதே சமயம் கலிபோர்னியாவில் ஓவன் விட்டே குழு 2010-இல், மனிதச் சுரப்பியிலிருந்து எடுத்த அடிச் செல்லில் புற்று மரபணுக்களை ஏற்றி, அடிச் செல்லிலிருந்துதான் மனிதப் புற்றைப் போன்ற கட்டி வருகிறது, உள்வரிசைச் செல்லிலிருந்து வரவில்லை என்று காட்டியது. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரின் வேலையும் சுத்தமானது. அப்படியென்றால் எது சரி?

இந்த இடத்தில்தான் வம்சாவழி பார்க்கிற முறை கைகொடுத்தது. இதைச் செட்டிநாட்டுக்காரருக்குச் சொல்வது சுலபம். நகரத்தார் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி 'எந்தக் கோயில்?' இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி, ஒன்பதில் ஒன்று. தாத்தா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருக்கலாம், பேரன் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம், தொழில் மாறும், ஊர் மாறும், பேச்சுகூட மாறும், ஆனால் தகப்பன் வழி வந்த கோயில் மாறாது. இதே மாதிரி சுண்டெலியின் அடிச் செல்களில் மட்டும் ஒரு நாள் ஒரு நிற மரபணுவைத் திறந்துவிடுகிறார்கள். டமாக்சிஃபென் மருந்து கொடுத்தால் அன்றைக்குத் திறக்கும், பிறகு மூடாது. அந்தச் செல்லும் அதன் பிள்ளை பேரன்களும் என்ன வேலைக்குப் போனாலும் நிறம் கூடவே போகும். சில மாதம் கழித்து அறுத்துப் பார்த்து, நிறம் உள்வரிசையில் இருக்கிறதா இல்லையா என்று எண்ணிவிடலாம்.

2012-இல் இந்த முறையில் இரண்டு முக்கியமான முடிவுகள் வந்தன. ஹூஸ்டனில் ஒரு குழு வளர்ந்த சுண்டெலியில் பார்த்தது: அடிச் செல்லின் நிறம் அடியிலேயே நிற்கிறது, உள்வரிசையின் நிறம் உள்வரிசையிலேயே நிற்கிறது, சுருக்கி வளர்த்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டும் தனித்தனிக் கோயில். பிரஸ்ஸல்ஸில் இன்னொரு குழு பிறந்து வளர்கிற பருவத்தில் பார்த்தது: அப்போது அடிச் செல்லிலிருந்து மூன்று வகையுமே வருகின்றன. ஆக, குட்டியில் அடிச் செல் எல்லாம் தருகிறது, வளர்ந்தபின் தன் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அப்படியென்றால் 2008-இல் சிறுநீரகத்தில் முளைத்த பிராஸ்டேட்? அது பொய்யில்லை. பிடுங்கி எடுத்து, அக்கம்பக்கத்து உறவையெல்லாம் அறுத்து, கருவின் திசு நடுவே போட்டு 'வளர்' என்று சொன்னால் அந்தச் செல் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் அந்தச் சோதனை கேட்டது. தன் வீட்டில் தன் இடத்தில் இருக்கும்போது அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. செய்ய முடிவது ஒன்று, செய்வது இன்னொன்று. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஸ்டெம் செல் பற்றி யார் என்ன விளம்பரம் செய்தாலும் உங்களை ஏமாற்ற முடியாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இருபது வருஷக் குழப்பத்தில் பாதி இதனால்தான் வந்தது.

பிறகு அடி உள் என்ற வேலியும் அவ்வளவு உறுதியில்லை என்று தெரிந்தது. சுரப்பியில் வீக்கமோ அழற்சியோ வந்தால், உள்வரிசைச் செல்கள் சேதமானால், அடிச் செல்கள் வேலி தாண்டி உள்வரிசைச் செல்லாக மாறுகின்றன. 2014-இல் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தபோது ஒற்றை உள்வரிசைச் செல்லிலிருந்து இரண்டு வரிசையும் உள்ள குட்டிச் சுரப்பி உருண்டையாக வளர்ந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2020-இல் நியூயார்க்கிலிருந்து சயன்ஸ் இதழில் வந்தது. செல் செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று படிக்கிற முறையில், விதை எடுத்த சுண்டெலியின் சுரப்பியையும் திரும்ப வளர்கிற சுரப்பியையும் பார்த்தார்கள். எதிர்பார்த்தது, அபூர்வமான ஸ்டெம் செல் கூட்டம் ஒன்று பெருகிச் சுரப்பியைத் திரும்பக் கட்டும் என்பது. அப்படிப்பட்ட கூட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது, மூத்திரக் குழாய்க்கு அருகில். ஆனால் சுரப்பியைத் திரும்பக் கட்டினதில் பெரும்பங்கு அதனுடையதில்லை. ஹார்மோன் இல்லாத காலத்தில் சாகாமல் தப்பித்த சாதாரண உள்வரிசைச் செல்கள், நேற்றுவரை வெறும் சுரப்பு வேலை பார்த்தவை, ஹார்மோன் வந்ததும் ஏறக்குறைய எல்லாமே பெருகத் தொடங்கின. அந்தக் காலத்து வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டல்லவா, பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டால் மீதி இருக்கிற பெட்டியடிப் பையனும் பேரேட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிடுவான், வேறு ஆள் ஏது? அதே கதைதான். சுரப்பிக்குள் 'இதுதான் ஸ்டெம் செல்' என்று முத்திரை குத்தின ஒரு செல்லை மட்டும் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஸ்டெம் செல் என்பது ஒரு ஆளின் பெயர் என்பதைவிட, தேவை வரும்போது யார் வேண்டுமானாலும் ஏற்கிற வேலை என்றே இப்போது நான் நினைக்கிறேன், குறைந்தபட்சம் இந்தச் சுரப்பியில்.

எலி சரி, மனிதருக்கு? மனிதருக்கு நிற மரபணு ஏற்ற முடியாது. ஆனால் இயற்கையே ஒரு குறி வைத்திருக்கிறது. வயதாக ஆக நம் செல்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களில் தற்செயலாகப் பிழைகள் சேரும். சில செல்களில் அந்தப் பிழையால் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்யாது, அந்தக் குறை பிள்ளைச் செல்லுக்கும் போகும். குறிப்பிட்ட சாயம் போட்டால் நல்ல செல் பழுப்பாகவும் குறையுள்ள செல் நீலமாகவும் தெரியும். 2011-இல் இங்கிலாந்திலிருந்து வந்த படங்களில் பழுப்புக் கடலுக்கு நடுவில் நீலத் திட்டுகள், அந்த ஒரே திட்டுக்குள் அடிச் செல்லும் இருக்கிறது, உள்வரிசைச் செல்லும் இருக்கிறது, இரண்டிலும் அதே மரபணுப் பிழை. ஆக மனிதச் சுரப்பியில் ஏதோ ஒரு காலத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்திருக்கிறது. 2017-இல் நியூகாசில் குழு இதையே முப்பரிமாணமாகத் தொடர்ந்து போய், மூத்திரக் குழாய்க்கு அருகில் சுரப்பு நீர் ஓடுகிற நாளம் தொடங்குகிற இடத்தில்தான் மூலச் செல்கள் இருக்கின்றன, அங்கிருந்து பிள்ளைச் செல்கள் ஓரத்தை நோக்கி நகர்கின்றன என்று காட்டியது. மூத்திரக் குழாயை ஒட்டிய பகுதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு அது நேராக வந்து சேரும்.

ஏனென்றால் வயதான வீக்கம் வருவது அங்கேதான். ஜான் மெக்நீல் என்ற நோயியல் மருத்துவர் மனிதப் பிராஸ்டேட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டியவர். மூத்திரக் குழாயைச் சுற்றியுள்ள இடைப் பகுதியில்தான் வீக்கம் வருகிறது, புற்றில் பத்துக்கு ஏழு வெளிப்புறப் பகுதியில் வருகிறது. 1978-இல் அவர் ஒரு யோசனை சொன்னார்: வயதானவரின் வீக்கத்தில் நடப்பது கருவில் நடந்ததன் மறுவிழிப்பு, அடியில் உள்ள இணைப்புத் திசு மீண்டும் 'முளை விடு' என்று சுரப்பிக்குச் சொல்கிறது. இதை நான் முழுசாக நம்புகிறேன், காரணம் ஜெரால்ட் குன்ஹாவின் சோதனைகள். பிராஸ்டேட்டாக வேண்டும் என்ற கட்டளை செல்லுக்குள்ளிருந்து வருவதில்லை, பக்கத்து இணைப்புத் திசுவிலிருந்து வருகிறது என்று அவர் காட்டினார். ஆண் ஹார்மோனை உணரவே முடியாத சுண்டெலியின் உள்படலச் செல்லை, உணரக்கூடிய இணைப்புத் திசுவோடு சேர்த்தால் பிராஸ்டேட் முளை வருகிறது. மாற்றிப் போட்டால் வருவதில்லை. இன்னும் சொன்னால், மூத்திரப் பையின் செல்லைக் கொண்டுவந்து இந்தத் திசுவோடு வைத்தால் அதுவும் பிராஸ்டேட்டாக மாறுகிறது. 2006-இல் மெல்போர்னில் மனிதக் கரு ஸ்டெம் செல்லையே இப்படி எலித் திசுவோடு வைத்து, சில வாரங்களில் பி.எஸ்.ஏ. சுரக்கிற மனிதப் பிராஸ்டேட் திசுவாக்கிக் காட்டினார்கள். செல்லின் விதியை அது இருக்கிற இடம் எழுதுகிறது. இந்தச் சுரப்பியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காரைக்குடிக்காரர் வெளியிலிருந்து ஒரு ஸ்டெம் செல்லை ஊசியில் கொண்டுவந்து போட்டாலும் அது விழுகிற இடம் 'வளர், வளர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிற இடம்.

இப்போது ஐந்து வருஷத்துக் கணக்கு சரியாகும். டி.யூ.ஆர்.பி. செய்யும்போது குழாய் வழியாகப் போய் அந்த இடைப் பகுதியைச் சீவல் சீவலாக எடுப்பார்கள், வெளிப்புறப் பகுதியையும் மேலுறையையும் விட்டுவிடுவார்கள், வீக்கத்திலும் ஓரமாகக் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். தங்கினதில் அடிச் செல் இருக்கிறது, உள்வரிசைச் செல் இருக்கிறது, கட்டளையிடுகிற இணைப்புத் திசு இருக்கிறது, அப்பச்சியின் உடம்பில் ஆண் ஹார்மோனும் இருக்கிறது. வளராமல் என்ன செய்யும்? டாக்டர் ஒழுங்காகச் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், வருஷத்துக்கு நூற்றில் ஒருவர் இருவருக்கு மறுபடி செய்ய வேண்டி வருவது உலகம் முழுக்க உள்ள கணக்கு. ஆனால் இன்னொன்றும் உண்டு. மறுபடி அடைத்தால் அது வளர்ச்சியால்தான் என்று முடிவு கட்டக் கூடாது. போன தடவை போட்ட வெட்டில் தழும்பு இறுகிக் குழாயோ பையின் வாயோ சுருங்கியிருக்கலாம், மூத்திரப் பையின் தசையே தளர்ந்திருக்கலாம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு மாத்திரைகள் எங்கே வேலை செய்கின்றன என்பதும் இதிலிருந்து புரியும். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பிக்குள்ளே இன்னும் வீரியமான டைஹைட்ரோ வடிவமாக மாற்றுகிற நொதியை அவை தடுக்கின்றன. செல்லைத் தொடுவதில்லை, செல்லுக்கு வருகிற கட்டளையைக் குறைக்கின்றன. ஆறு மாதம் ஒரு வருஷத்தில் சுரப்பியின் அளவில் கால்வாசி வரை குறையும். மாத்திரையை நிறுத்தினால் எலியில் நடந்ததே நடக்கும், திரும்பி வரும். அப்புறம், இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும், ஆகவே ஆய்வுக்கூட எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். இதை மறந்ததால் புற்று தாமதமாகத் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அப்பச்சிக்கு அது இல்லை, ஆனாலும் அந்த மூன்றாம் வகைச் செல்லைச் சொல்லாமல் விட முடியவில்லை. பரவின புற்றுக்கு ஹார்மோனை முழுக்க அடைக்கிற புது மருந்துகள் வந்தபின் ஒரு விஷயம் கூடுதலாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. சில நோயாளிகளில் புற்றுச் செல்கள் தங்கள் அடையாளத்தையே மாற்றிக்கொள்கின்றன. உள்வரிசைச் செல்லாக இருந்தவை ஹார்மோனே தேவைப்படாத நரம்பு-ஹார்மோன் வகைச் செல் போல மாறிவிடுகின்றன. 2017-இல் சயன்ஸ் இதழில் ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆய்வுகள், ஆர்பி1, டிபி53 என்ற இரண்டு காவல் மரபணுக்களும் போய்விட்டால் இந்த வேடமாற்றம் சுலபமாகிறது என்று காட்டின. அப்படி மாறின செல் பி.எஸ்.ஏ. சுரப்பதில்லை. ஆகவே ரத்தத்தில் எண் குறைந்துகொண்டே போகும், வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே ஈரலில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. காயம் பட்டால் திரும்பக் கட்டுவதற்காகச் செல்களுக்கு இருக்கிற அதே நெகிழ்வுதான் புற்றுக்கும் வழி திறந்துவிடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது புற்று சிகிச்சை நடந்தால் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் நம்பி ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. யூராலஜி டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். அடைப்பு வளர்ச்சியாலா தழும்பாலா என்று கேமரா விட்டுப் பார்த்தார்களா? மூத்திர வழித் தசையைத் தளர்த்துகிற டாம்சுலோசின் மாதிரி மாத்திரை கொடுத்துச் சில நாளில் டியூபை எடுத்துப் பார்க்கலாமா? சுரப்பி இப்போது எத்தனை கிராம்? பெரிதாக இருந்தால் ஃபினாஸ்டெரைடு வகைக்கு அர்த்தமுண்டு, சின்னதாக இருந்தால் அவ்வளவு பயன் இல்லை. பி.எஸ்.ஏ.-வை இப்போது உடனே மறுபடி பார்க்க வேண்டாம். அடைப்பு, டியூப், பயாப்சி ஊசி மூன்றுமே அந்த எண்ணை ஏற்றிவிடும், சில வாரம் போகட்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடைப்பு எத்தனை நாளாக உள்ளுக்குள் இருந்ததோ தெரியாது, கெடுவது முதலில் அதுதான்.

இன்னொரு காரியம், பயாப்சி எடுத்த இடத்தில் அறிக்கைத் தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மெழுகுக் கட்டி, ஸ்லைடு இரண்டையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், அல்லது எத்தனை வருஷம் பாதுகாப்பார்கள் என்றாவது சொல்வார்கள். பின்னால் பி.எஸ்.ஏ. ஏறி மறுபடி ஊசி போட வேண்டி வந்தால், பழைய ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மெழுகுக் கட்டி வெயிலில் உருகும், டப்பாவில் போட்டு நிழலான அலமாரியில் வையுங்கள், மாடி அறையில் வைக்காதீர்கள்.